நான்காம் வேற்றுமை

1

ஈகை அதிகாரத்தைத் திருவள்ளுவர் ஒரு வரையறையோடு தொடங்குகிறார். ஏழைக்குக் கொடுப்பதுதான் ஈகை. பிறருக்குக் கொடுப்பதெல்லாம் குறியெதிர்ப்பை. அளவு குறித்துக்கொண்டு வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுக்கும் கைமாற்றுக்கு அந்தப் பெயர். கொங்குநாட்டுக் கல்யாண வீடுகளில் வாசலில் உட்கார்ந்து மொய் எழுதுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இந்த வரையறையின் கூர்மை புரியும். அங்கே கொடுக்கப்படுவது அன்பு அல்ல, கணக்கு. வள்ளுவர் இரண்டையும் பிரித்து வைத்தது நியாயம்தான்.

ஆனால் இந்த வரையறைக்குள் ஏழை நிற்கிற இடத்தை நாம் கவனித்ததில்லை. அவன் 'கு' உருபைச் சுமந்துகொண்டு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறான். கொடுப்பவன் எழுவாய். கொடுக்கப்படும் பொருள் செயப்படுபொருள். ஏழையோ நான்காம் வேற்றுமை. நன்னூலாரும் அந்த வேற்றுமைக்குப் பொருள்களை அடுக்கும்போது முதலில் கொடையைத்தான் வைக்கிறார்.

இதை இலக்கணத் தமாஷாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் எழுத்தில் ஏழை வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரே வேற்றுமையில்தான் வந்திருக்கிறான் என்று தோன்றுகிறது. அவனுக்கு இரங்கினார்கள், அவனுக்காகக் கோபப்பட்டார்கள், அவனுக்கு விடிவு வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1971இல் இதே கோவையில் பிறந்த வானம்பாடி இயக்கம் இன்னொரு வேற்றுமையைச் சேர்த்தது: விளி. 'தோழனே' என்று கூப்பிட்டது. கூப்பிட்டவர்களின் ஆவேசத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் கூப்பிடப்பட்டவன் திரும்பி என்ன சொன்னான், அப்போது அவன் கையில் என்ன வேலை இருந்தது என்று அந்தக் கவிதைகளில் தேடினால் கிடைப்பது சொற்பம். விளிக்கப்படுகிறவனுக்கு வினை கிடையாது.

ஏழை எழுவாயாக, அதிலும் 'கொடு' என்ற வினைக்கு எழுவாயாக வரும் வாக்கியத்தை நம் எழுத்து எங்கே எழுதியிருக்கிறது? எழுதாவிட்டால் என்ன நஷ்டம்? இந்த இரண்டு கேள்விகள்தான் இக்கட்டுரை.

2

நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. என் மேஜைக்கு வரும் அச்சடித்த பாரங்களில் ஏழைக்கு ஒரு பெயர் உண்டு: பயனாளி. பயனை ஆள்பவர் என்று பதம் பிரித்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. வழக்கில் அதற்கு வாங்கிக்கொள்கிறவர் என்று மட்டுமே பொருள். ஒரு சொல் இப்படி நிலைத்துவிட்டால் அது பார்வையையும் தீர்மானித்துவிடுகிறது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களை எடுத்துக்கொள்ளலாம். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் தமிழக அரசு இவற்றைத் தொடங்கியது. 1992இல் நபார்டு குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. பத்திலிருந்து இருபது பெண்கள் சேர்ந்தது ஒரு குழு. மாதச் சேமிப்பு உண்டு. கடன் குழுவின் பெயரில் வரும், பொறுப்பு எல்லோருக்கும். ஒருத்திக்குப் பனியன் கம்பெனியில் வேலை நின்றுபோகிறது, இன்னொருத்தியின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மற்றொருத்தியின் புருஷன் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்திருக்கிறான். அந்த மாதங்களில் அவர்கள் தவணையை மற்றவர்கள் போட்டுக் கட்டுகிறார்கள். பத்தும் ஐம்பதுமாகச் சேர்ந்த அந்தப் பணம் என் கவுண்ட்டருக்கு வரும்போது ஒரே தொகை. கணினியில் ஒரே வரி. யார் யாருக்காக எவ்வளவு போட்டார்கள் என்பது வங்கியின் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. குழுவின் தீர்மானப் புத்தகத்தில்கூடப் பெரும்பாலும் இராது.

கடன் ஒழுங்காகத் திரும்பி வருகிறது என்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன. அந்தப் பெருமை திட்டத்துக்குப் போகிறது. நிலப் பத்திரம் இல்லாமல், நகை இல்லாமல் கொடுத்த கடனுக்கு ஜாமீனாக நிற்பது எது? ஒரு கூலிக்காரி இன்னொரு கூலிக்காரிக்காகத் தன் வீட்டுச் செலவில் பிடித்து வைத்த காசு. வங்கி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பாரத்தில் அவள் பயனாளி. வங்கி உதவுகிற ஸ்தாபனம்.

இதை ஏழைகளின் பெருந்தன்மை என்று எழுதினால் அதுவும் பொய். கட்டாதவள் வீட்டு வாசலில் மற்றவர்கள் போய் நின்று சத்தம் போடுவதும் உண்டு. கொடுத்தவள் மறப்பதில்லை, வாங்கியவள் அவள் எதிரில் குரல் உயர்த்துவதில்லை. கொடை என்பது வாங்கியவனைத் திருப்பிக் கொடுக்கும்வரை கட்டிப்போடுகிற கயிறு என்று மார்ஸல் மோஸ் 1925இல் எழுதிய நீண்ட கட்டுரை வாதிட்டது. அவர் பாலினேசியாவிலும் மெலனேசியாவிலும் கண்ட விஷயம் சிங்காநல்லூர் வரிசை வீடுகளிலும் செல்லும். இந்தக் கட்டு, இந்த வெட்கம், இந்த ஞாபகம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கொடுத்தல். ஒரு நாவலுக்கு வேண்டிய சகல சிக்கலும் இதில் இருக்கிறது. அந்த நாவலைத்தான் காணோம். வறுமையைப் பற்றிய நாவல்கள் நம்மிடம் ஏராளம். ஏழைகளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பற்றியவை மிகக் குறைவு.

3

கொங்கு நாவல் என்று பேச்செடுத்தால் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளில் (1942) தொடங்குவது வழக்கம். பங்கு கேட்ட ஒரு விதவையின் பிடிவாதத்தை, கிராமத்துப் பேச்சுமொழியின் இயல்பு கெடாமல், எந்த உபதேசமும் இல்லாமல் எழுதிய நாவல் அது. நிலம் யாருக்கு என்ற கேள்வி அதில் ஒரு குடும்பத்தையே எரிக்கிறது. அந்த நிலத்துக்கு நீர் எப்படி வந்தது என்று அந்த நாவல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. அதன் களம் ஒரு குடும்பம். பின்னால் வந்தவர்கள் அந்தக் குடும்பத்தின் எல்லையையே வட்டாரத்தின் எல்லையாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. மண்வாசனை என்று நாம் சிலாகித்ததெல்லாம் பெரும்பாலும் பட்டாதாரரின் மண்.

நீர் எப்படி வந்தது? கொங்கு மழைமறைவுச் சீமை. ஆற்றோரம் போக மற்ற இடங்களில் பாறையைக் குடைந்து இறக்கிய கிணறுதான் தோட்டத்துக்கு உயிர். பம்புசெட்டு வருவதற்கு முன் அந்தக் கிணறுகளில் கவலை ஓடியது. இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுக்க, சால் மேலே வந்து தோல் வால் வழியாகத் தொட்டியில் நீரைக் கொட்டும். சால் இரும்பாக மாறிய இடங்களிலும் வால் தோல்தான். செத்த மாட்டை எடுத்துப்போய் உரித்து, பதப்படுத்தி, தைத்து, கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர் மாதாரி. கூலி, அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. கொங்கு வேளாண்மையின் புகழ் முழுவதும் அந்தத் தையல் தாங்கியது. ஊரில் மிகக் கடைசியில், தெற்கு வளவில் ஒதுக்கி வைக்கப்பட்டவனின் ஊசி ஒரு வாரம் ஓடாவிட்டால் ஊரின் முதல் வீட்டுத் தோட்டம் காய்ந்துபோகும். அவன் தொட்ட தோல் வழியாக வந்த நீரில் வெள்ளாமை விளைந்தது. அதே கிணற்றில் அவன் நீர் சேந்தக் கூடாது. ஊர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நம்பியது.

இதைப் பங்களிப்பு என்று சொல்லலாமா? இந்த இடத்தில் விமர்சகனுக்கு நிதானம் வேண்டும். மறுக்க முடியாதவன் கொடுப்பது கொடை அல்ல. ஜாதி கட்டளையிட்டு வாங்கிய உழைப்பைச் சமூகத்துக்கு அவன் அளித்த காணிக்கை என்று எழுதுவது அந்தக் கட்டளைக்கு மாலை போடுவதாகும். 'அவரவர் தொழிலை அவரவர் செய்து ஊர் ஒற்றுமையாக இருந்தது' என்கிற ஏக்கம் கொங்குப் பெரியவர்களின் நினைவோடைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்த ஏக்கத்துக்கு இக்கட்டுரை துணை போகாது. அதே சமயம், கட்டாயம் என்ற காரணத்தால் நடந்தது நடக்காததாகிவிடாது. நீர் வந்தது. அவன்தான் கொண்டுவந்தான். கட்டாயப்படுத்தப்பட்டவன் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் எழுத்து அவனுடைய கையின் தேர்ச்சியையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அடிமைத்தனத்தையும் தேர்ச்சியையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். அது கருத்து சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உருவம் சம்பந்தப்பட்ட விஷயம்.

1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவையில் ஆலைகள் பெருகின. பிறகு மோட்டாரும் பம்பும் இங்கேயே வார்க்கப்பட்டன. கவலை மெல்ல ஓய்ந்தது. தோலுக்குத் தேவை போயிற்று, பண்ணையடிமை போகவில்லை. கொடுப்பதற்கு இருந்த ஒரு கைத்தொழிலும் போய், வெறும் உடம்போடு நின்ற அந்தக் கட்டத்தின் பிள்ளைகளைத்தான் பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் (2000) எழுதினார். கவுண்டர் வீடுகளில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலிச் சிறுவர் சிறுமியர். நாவல் வெளிவந்தபோதும் பின்பும் அதை ஒடுக்குமுறையின் ஆவணமாகவே பெரிதும் படித்தார்கள். அது சரியான படிப்புதான், பாதிப் படிப்பு. ஆடுகள் மேயும் வெளியில் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் நடத்தும் ஒரு சிறு அரசாங்கம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. தின்பது பங்காகிறது. ஒருவர் ஆட்டை இன்னொருவர் கண் பார்த்துக்கொள்கிறது. சண்டையும் அங்கேயே, சமாதானமும் அங்கேயே. பண்ணைக்காரரின் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதற்கு அடியில் இந்தக் கணக்கு ஓடுகிறது. கூளையனை நாம் மறக்க முடியாததற்குக் காரணம் அவன் அடி வாங்குவது மட்டுமல்ல. ஒவ்வொரு ஆட்டின் குணத்தையும் அறிந்தவனாக, சிநேகிதர்களுக்கு வேண்டியவனாக அவன் இருப்பதுதான். அவன் எழுவாய். அதனால்தான் அவன்மேல் விழும் அடி நம்மேல் விழுகிறது. ஏழையை வெறும் பாத்திரமாக, பிச்சைப் பாத்திரம் என்ற பொருளிலேயே சொல்கிறேன், வைத்து எழுதும் கதைகளில் எத்தனை அடி விழுந்தாலும் நமக்கு வலிப்பதில்லை.

4

நாவல் செய்யாததைச் செய்தித்தாள் செய்ய முயன்று கெடுத்த ஒரு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவைக்கு மேற்கே வடிவேலாம்பாளையத்தில் கமலாத்தாள் என்ற மூதாட்டி, சுமார் முப்பது வருஷமாக இட்லி சுட்டு விற்றவர், 2019இல் நாடறிந்தவர் ஆனார். இட்லி ஒன்று ஒரு ரூபாய். அதற்கு முன் ஐம்பது காசு. விறகடுப்பு, ஆட்டுக்கல். வெட்கிரைண்டருக்கே பெயர்போன ஊருக்குப் பக்கத்தில் ஆட்டுக்கல்லில் மாவரைத்தார். சாப்பிட வந்தவர்களில் கூலிவேலைக்காரர்கள் அதிகம். தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவரைப் பற்றிப் பேசினார்; எரிவாயு அடுப்பு வந்தது; 2022இல் வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது. நல்ல காரியங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு அக்கறை, அந்தக் கதை எழுதப்பட்ட விதத்தில். ஏறக்குறைய எல்லாச் செய்திகளும் அவரைத் தியாகியாகவும் அதிசயமாகவும் வார்த்தன. 'சேவை' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவர் செய்தது வியாபாரம் என்பதை யாரும் நின்று யோசிக்கவில்லை. இலவசமாகக் கொடுக்க அவருக்கு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இலவசமாகக் கொடுத்திருந்தால் விஷயமே வேறு. ஒரு ரூபாய் என்பது சின்ன விலை, ஆனாலும் விலை. பத்து ரூபாயைக் கொடுத்து வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகும் கூலிக்காரன் அங்கே வாடிக்கைக்காரன். சட்னி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அதட்டிக் கேட்கலாம். உப்புக் குறைவு என்று சொல்லலாம். அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அந்த வாய் கிடையாது. அந்த ஒரு ரூபாய் கல்லாவில் விழும்போது அவன் நான்காம் வேற்றுமையிலிருந்து வெளியே வந்துவிடுகிறான். அவர் லாபம் குறைத்துக் கொடுத்தது இட்லியை மட்டுமல்ல, வாங்குகிறவனின் நிமிர்வையும். ஏழைகளோடு வாழ்ந்தவருக்கே இந்தக் கணக்குத் தெரியும். தர்மப் பிரபுக்களுக்கு இந்த நுட்பம் கைவருவதில்லை.

செய்திகள் அவர் கையிலிருந்த இந்த அறிவைப் பார்க்காமல் அவருடைய மனசைப் பார்த்தன. பிறகு என்ன ஆயிற்று? கொடுப்பவராக இருந்தவர் வாங்குபவர் ஆனார். கடைசியில் படங்களில் நாம் பார்த்தது வீட்டுச் சாவியை வாங்கும் கைகளை. கதை தனக்குப் பழகின வாக்கியத்துக்குத் திரும்பிவிட்டது. அவர்மேல் குற்றம் இல்லை, கொடுத்தவர்கள்மேலும் இல்லை. ஏழையைக் கொடுப்பவராக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க நம் உரைநடைக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

5

நான் பி.ஏ.யில் படித்த ஆங்கிலத்தில் இந்த விஷயத்தை நேராக எடுத்துக்கொண்ட கவிதை ஒன்று உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் 'பழைய கம்பர்லாண்ட் பிச்சைக்காரன்', 1800இல் வெளிவந்த 'லிரிகல் பாலட்ஸ்' இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. பிச்சைக்காரர்களைப் பிடித்து வேலை விடுதிகளில் அடைப்பது பற்றி இங்கிலாந்தில் விவாதம் நடந்த காலம். அந்தக் கிழவனை உபயோகமற்றவன் என்று நினைக்காதீர்கள் என்று அரசியல்வாதிகளைப் பார்த்துக் கவிஞர் வாதாடுகிறார். என்ன உபயோகம்? வீடு வீடாக அவன் நடந்து வருவதால் ஊரில் கொடுக்கும் பழக்கம் சாகாமல் இருக்கிறது என்கிறார்.

இந்த வாதம் எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. ஊராரின் தர்ம சிந்தனைக்குச் சாணை பிடிக்கும் கல்லாகக் கிழவனை ஆக்குகிறது அது. அவன் நடந்துகொண்டே இருக்க வேண்டும், நம் ஆத்மாக்கள் கெடாமல் இருப்பதற்காக. ஆனால் கவிதையின் நடுவே வாதத்தை மீறி ஒருத்தி வந்துவிடுகிறாள். கவிஞருக்குத் தெரிந்த ஒரு பெண், அவளும் ஏழை. வெள்ளிக்கிழமைதோறும் தன் இருப்பிலிருந்து கைநிறைய மாவை அள்ளிக் கிழவனின் பையில் போடுகிறாள். பரம ஏழைக்கும் தான் கொடுத்தவனாக இருந்தோம் என்று உணரும் ஆசை உண்டு என்று கவிஞர் அங்கே கண்டுகொள்கிறார். மூளையில் தோன்றிய வாதம் பொய்த்துப்போகும் இடத்தில் கண்ணில் பட்டது கவிதையைக் காப்பாற்றுகிறது. அவள் வந்தபின் அந்தக் கவிதையில் பிச்சைக்காரனைவிட அவளே எனக்கு முக்கியமானவளாகப் படுகிறாள். அரசியல்வாதிகளுக்கு எழுதிய விண்ணப்பம் இன்று பழசு. அவளுடைய வெள்ளிக்கிழமை பழசாகவில்லை.

அவளுடைய அக்காளைப் புறநானூற்றில் பார்க்கலாம். 333ஆம் பாட்டு. ஒரு சிற்றூர் மறவன் வீடு. வரகும் தினையும் இருந்ததெல்லாம் இரவலர் உண்டு தீர்ந்துவிட்டது. கைமாற்றுக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கதிரோடு உலரவைத்திருந்த விதைத் தினையை எடுத்து உரலில் போட்டுக் குற்றிவிட்டாள், வந்த பாணனுக்கு. அவள் கேட்டுக் கிடைக்காத கைமாற்றுக்கு அந்தப் பாட்டில் இருக்கும் பெயரும் 'எதிர்ப்பை'தான். வள்ளுவர் ஈகைக்கு எதிரே நிறுத்தின அதே சொல். எந்த வரையறைக்கும் அடங்காமல் அவள் நிற்கிறாள். ஏழை கொடுக்கிறாள், ஏழைக்குக் கொடுக்கிறாள், நாளைய விளைச்சலை இன்றைக்கு எடுத்துக் கொடுக்கிறாள். பின்னால் பெரிய புராணத்தில் இளையான்குடி மாறர் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்து அடியாருக்குச் சோறாக்குகிறார். அங்கே சிவன் தோன்றி ஈடுசெய்துவிடுகிறார். புறப்பாட்டில் யாரும் தோன்றுவதில்லை. விதை போனது போனதுதான். நான் பின்னதையே உயர்ந்த இலக்கியமாகக் கருதுகிறேன்.

நவீன உரைநடையில் இதற்குக் கிட்டே வந்தவர் புதுமைப்பித்தன். 'பொன்னகரம்' (1934) கதையின் கடைசி வாக்கியம் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது; அதையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கதையின் மையம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அடிபட்டுப் படுத்திருக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி வேண்டும். மில் கூலிக்காரி அம்மாளு சந்தின் இருட்டில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கடைசி வாக்கியத்தின் கிண்டல் நமக்காக. அம்மாளுவுக்கு அது தேவையே இல்லை. கிண்டலை நீக்கிவிட்டு, அந்த முக்கால் ரூபாயை மட்டும் வைத்து அந்தக் கதையை எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

6

ஒரு ஆபத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். ஏழைகளின் கொடையைப் பேசுவது இன்று பலருக்கு வசதியாக இருக்கிறது. அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அரசாங்கம் கொஞ்சம் விலகி நிற்கலாம். கூலி கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. பொதுமுடக்க நாட்களில் ஊரெல்லாம் முடங்கிக் கிடக்க, அவர்கள் தெருவில் இருந்தார்கள். மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். ஒப்பந்தக் கூலி ஒப்பந்தக் கூலியாகவே இருந்தது. பாராட்டு என்பது பல சமயங்களில் பாக்கியைக் கொடுக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளும் தந்திரம்.

ஆகவே ஏழைகளைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'மனிதநேயம்' என்ற சொல்லைப் பத்து வருஷத்துக்கு நம் விமர்சனத்திலிருந்து தள்ளிவைத்தால்கூட நல்லது. நான் கேட்பது கணக்கு. யார் கொடுத்தது, எவ்வளவு, யாரிடம் பிடித்துக் கொடுத்தது, கொடுக்காமல் இருக்க முடியுமா, வாங்கியவன் எப்படி நிமிர்ந்தான் அல்லது குனிந்தான். இத்தனையும் தெரிந்தால் நல்லவன் கெட்டவன் என்ற பேச்சுக்கு அவசியமே வராது. ஊர் எதன்மேல் நிற்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் கூடவே தெரியும். பாக்கியைச் சொல்லாத கொடைக் கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் கள்ளக் கணக்கு.

கொங்கில் இன்று எழுத வருகிறவர்களில் கவலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாக இல்லை. தோல் வாலைத் தைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் திருப்பூரில் பிசிறு வெட்டுகிறார்கள், கோவையில் குப்பை வண்டி தள்ளுகிறார்கள், சிலர் வங்கிக்கும் வந்துவிட்டார்கள், சிலர் எழுதவும் வந்துவிட்டார்கள். அவர்களில் யாராவது அந்த ஊசியைப் பற்றி, அது எந்தக் கோணத்தில் தோலில் இறங்கியது என்பது வரைக்கும் தெரிந்து எழுதினால், நம் இலக்கணம் தன்னால் மாறும்.